பஞ்சுக்கல்

சமோசா ஆறிக்கொண்டிருந்தது. ஆறிப்போன சமோசாவுக்கும் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கும் இந்த நாட்டில் பிரிக்க முடியாத ஒரு பந்தம் உண்டு என்று பேராசிரியர் சங்கரபாண்டியன் நினைத்துக்கொண்டார். கனிமவியலில் ஓய்வு பெற்றவர், இன்றைய புறத்தேர்வாளர், மண்டபத்தில் மெத்தை போட்ட ஒரே நாற்காலி அவருடையது. திரைக்குப் பக்கத்தில் மரிய புஷ்பம் என்கிற பெண் மயில்கழுத்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, குச்சியை நீட்டி நீட்டி, நார்வடிவ சியோலைட்டுகளின் பண்புகளையும் வகைப்பாட்டையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலையில் வந்து பொட்டாசியம் பேசுகிறாள், பெண்பார்க்க வந்தவர்களிடம் பாடுகிற மாதிரி. கடைசி வரிசையில் அவள் அப்பா. தூத்துக்குடி உப்பளத்தில் கங்காணியாம். மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் பொன்னாடை ஒன்று, மக்ரூன் டப்பா இரண்டு. எல்லாம் தனக்குத்தான் என்பது சங்கரபாண்டியனுக்குத் தெரியும், அது இவருக்குத் தெரியாது என்று நினைத்து அந்த மனுஷன் பையை மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவளுடைய நெறியாளர் தங்கையா, ஒரு காலத்தில் சங்கரபாண்டியனின் மாணவன், இப்போது துறைத்தலைவன், இன்னமும் அவர் முன்னால் முழு நாற்காலியில் உட்காரத் தெரியாதவன், காதருகே குனிந்து, "சார், பிள்ளைக்கு வேலை ரெடியா இருக்கு சார். இந்த மாசத்துக்குள்ள பட்டம் கையில இருந்தாத்தான் சேத்துக்கிடுவாங்க," என்றான். "அதுக்கு நான் என்னடே செய்யணும், ஊட்டி விடணுமா?" என்றார் சங்கரபாண்டியன். தங்கையா சிரித்தான். அவர் எதைச் சொன்னாலும் சிரிப்பான். அதனால்தான் துறைத்தலைவன். ஆய்வேட்டுக்கு 'மிகச் சிறப்பு' என்று அறிக்கை எழுதி அனுப்பி நாளாகிவிட்டது, இன்றைக்கு வந்தது கையெழுத்துக்கும் சாப்பாட்டுக்கும். ஆய்வேட்டை அவர் படிக்கவில்லை. யாருடையதையும் படிப்பதில்லை. பின்னாலிருந்து திறந்து, மேற்கோள் பட்டியலில் தன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று விரலை ஓட்டிப் பார்ப்பார். நிறைய இடத்தில் வந்தால் நல்ல ஆய்வு. இவளுடையதில் நிறைய வந்திருந்தது.

சியோலைட் என்றால் கொதிக்கிற கல் என்றாள் அவள். சரிதான். சூடுபடுத்தினால் உள்ளிருக்கிற தண்ணீர் பொங்கி வெளியே வரும். சிலிக்கனும் அலுமினியமும் கட்டின சட்டத்துக்குள் சந்துசந்தாக வழி, அந்தச் சந்துகளில் தண்ணீர், கூடவே சோடியமோ கால்சியமோ. தண்ணீர் போகும், திரும்பி வரும், சட்டம் இடியாது. உலகம்மை மாதிரி. கல்யாணமான புதிதில் கோபித்துக்கொண்டு தென்காசிக்கு அம்மா வீட்டுக்குப் போவாள், ஒரு வாரத்தில் தானாக வருவாள், ஒரு தரமும் அவர் போய்க் கூப்பிட்டதில்லை, வீடு ஒன்றும் இடிந்துவிடவில்லை. நார் வகையில் மூன்று பேர் சொந்தக்காரர்கள் என்றாள் இவள். சோடியம் இருந்தால் நேட்ரோலைட். கால்சியம் இருந்தால் ஸ்கோலிசைட். இரண்டுக்கும் நடுவே, இதில் ஓர் அடுக்கு அதில் இரண்டு அடுக்கு என்று கலந்து கிடந்தால் மெசோலைட். இந்த வகைப்பாட்டை வைத்து ஒரு காலத்தில் அவர் குடும்பத்தையே பிரித்து வைத்திருந்தார். தன் பணி ஓய்வு விருந்தில், மைக்கைப் பிடித்து, "என் மனைவி மெசோலைட், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில், தனக்கென்று ஒன்றும் இல்லாமல்," என்றார். சபை குலுங்கியது. உலகம்மையும் சிரித்தாள், புரியாமல்தான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்போதே இருமல் இருந்ததோ. சிரிப்போடு சிரிப்பாக இருமினாள். ஸ்கோலிசைட் ஊசியைத் தீயில் காட்டினால் புழு மாதிரி சுருளும், அதனால்தான் அந்தப் பெயர். அவருக்கு மிகவும் பிடித்த பண்பு அது. வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர் எதிர்பார்ப்பது அதைத்தான், தீயைக் காட்டினதும் முனையில் ஒரு சிறு வளைவு. சமோசாவை எடுத்தார். உள்ளே உருளைக்கிழங்கு ஜில்லென்று இருந்தது.

ஐந்தாம் இயலுக்குப் போனாள். திரையில் ஒரு கல். கறுப்புப் பாறை, அதன் பொந்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குஞ்சம், வெடித்த இலவங்காய் மாதிரி, தொட்டால் பறந்துவிடும் போல. சங்கரபாண்டியன் வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். அந்தக் கல்லை அவருக்குத் தெரியும். புனே பக்கத்துக் குவாரியில் தன் கையால் எடுத்தது. தங்கையா இந்தத் துறைக்கு ஓர் அருங்காட்சியகம் தொடங்கினபோது, போனால் போகிறது என்று கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் வைத்து சுத்தியலால் இரண்டாகப் பிளந்து பாதியைக் கொடுத்தார். அட்டையில் 'மெசோலைட், பஞ்சுக்கல், உதவியவர் பேரா. சங்கரபாண்டியன்' என்று எழுதினதும் அவரே. பிளக்கும்போது உருளாமல் இருக்க உலகம்மைதான் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாகப் புகை எழும்பினது, "மூஞ்சி பூரா பவுடர்," என்று சொன்னாள், முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கல் இதுவரைக்கும் மெசோலைட்னு தவறா அடையாளம் காணப்பட்டிருக்கு," என்றாள் மரிய புஷ்பம், அவர் பக்கம் பார்க்காமல். "எக்ஸ்ரேயில பாத்தப்போ இது எரியோனைட்." கிரேக்கத்தில் ஆட்டுரோமம் என்று அர்த்தம், சங்கரபாண்டியனின் மூளை தன்பாட்டுக்குச் சொன்னது, அது எந்த நேரத்திலும் அர்த்தம் சொல்லும், சுடுகாட்டிலும் சொன்னது. அறுகோண அமைப்பு, சோடியம் பொட்டாசியம் கால்சியம் மூன்றும், சொந்தக்காரர்களோடு ஒட்டாத வேறு குடும்பம். தவறா. தவறா என்கிறாள். தவறாக என்று ஒரு 'க' போட்டால் குறைந்தா போய்விடும். தங்கையாவைப் பார்த்தார். தங்கையா தன் பேனாவைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். படித்திருப்பீர்கள் என்று நினைத்தேன் சார் என்று சொல்லப்போகிறான். படித்துவிட்டுத்தானே மிகச் சிறப்பு என்று எழுதினீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோரும் நினைப்பார்கள்.

சரி, கண் தவறும். கண்ணே எக்ஸ்ரே என்று வகுப்புக்கு வகுப்பு சொன்னவருக்கு ஒரு தரம் தவறினது, அவ்வளவுதான், பெயர் மாறினால் கல்லுக்கு என்ன. ஆனால் அவள் நிறுத்தவில்லை. "எரியோனைட் நார் மூச்சில போனா ஆஸ்பெஸ்டாஸைவிட மோசம். துருக்கியில இந்தக் கல் உள்ள பாறையைக் குடைஞ்சு வீடு கட்டியிருந்த கிராமங்கள்ல நிறையப் பேருக்கு நுரையீரலைச் சுத்தியிருக்கிற உறையில புற்று வந்திருக்கு. உள்ள போனா வெளிய வராது, இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதனால இந்த மாதிரியைக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள வச்சு, முகமூடி போட்டுத்தான் கையாண்டோம்." மறுபாதி. மறுபாதி வீட்டில், பாளையங்கோட்டையில், முன்னறைக் கண்ணாடி அலமாரியில். அலமாரிக்குப் பேர்தான் கண்ணாடி, கதவைக் கழற்றி வைத்தவர் அவர்தான், வருகிறவர்கள் பிரதிபலிப்பு இல்லாமல் பார்க்கட்டும் என்று. வேலைக்காரி தொடக்கூடாது. துணி படக்கூடாது, துணிபட்டால் ஊசி ஒடியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உலகம்மை குத்துவிளக்கைத் துலக்கிவிட்டு, தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு அந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நிற்பாள். ஊதித்தான் தூசி எடுக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தார். "அடுப்பா ஊதுத? மெதுவாட்டீ. மூக்கைக் கிட்ட கொண்டு போ. நல்லா இழுத்து நீளமா விடு." முதலில் அவளுக்கு வரவில்லை. வராததற்கு, ஊதக்கூட ஆள் வைக்கணுமா என்று வந்திருந்த ஒருவர் முன்னால் கேட்டார், அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, அப்புறம் கற்றுக்கொண்டாள். அவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டாள். ஃபூ என்று ஒரு சத்தம், புல்லாங்குழல்காரன் சுருதி பார்க்கிற மாதிரி, நீளமாக, குஞ்சத்தில் ஒரு நார் அசையாமல் தூசி மட்டும் போகும். தூசி மட்டுமா. அவர் சாய்வுநாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். நீளமாக விட வேண்டுமென்றால் முதலில் நன்றாக இழுக்க வேண்டும். மூக்கைக் கிட்ட வைத்துக்கொண்டு. நல்லா இழுத்து. நல்லா இழுத்து என்று அவர்தான்.

இல்லை. ஆறுமுகநயினார். ஆறுமுகநயினாரின் கூரைதான். அதை அப்போதே தீர்த்துவிட்டாயிற்று. உலகம்மையின் விலாவில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தபோது, அது கள் மாதிரி மங்கலாக வந்தது, டாக்டர் கேட்டார், "அம்மா எங்கயும் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியில வேலை பாத்தாங்களா சார்? இது அப்படி உள்ளவங்களுக்கு வர்றது." சங்கரபாண்டியன் சொன்னார், "அவ எங்கயும் வேலை பாக்கல. வீட்ல சும்மாதான் இருக்கா." கட்டிலில் கிடந்தவள் அதற்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து அவர் ஆராய்ந்தார். கனிமவியல்காரர் அல்லவா. பக்கத்து வீட்டு ஆறுமுகநயினார் மோட்டார் பைக் நிறுத்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டிருந்தார், ஓரம் உடைந்த கூரை. அதில் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார், நார் இருந்தது, போதும். தெருவெல்லாம் சொன்னார். உலகம்மையை வாசலில் கிடத்தியிருந்தபோது மாலையோடு வந்த ஆறுமுகநயினாரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "ஒம்ம கூரைதான்வே கொன்னுது, மாலை எதுக்கு," என்றார். அந்த மனுஷன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மறுநாள் கூரையைத் தன் கையாலேயே பிரித்தார், முகத்தில் ஒன்றும் கட்டாமல், அழுதுகொண்டே. இப்போது அவருக்கும் இருமல் என்று கேள்வி. நல்லது. இல்லை, நல்லதில்லை. ஆறுமுகநயினாரின் நாரை நுண்ணோக்கியில் வைத்தவர் அலமாரியில் இருந்ததை வைக்கவில்லை. எதற்கு வைக்க வேண்டும், அதற்குத்தான் பெயர் இருக்கிறதே. பெயர் வைத்துவிட்ட பிறகு யாராவது பார்ப்பார்களா. ஒரு மூச்சு இடறினது. தன் மூச்சா என்று கவனித்தார். இடது விலாவில் ஏதோ. அவர் ஊதினதில்லை, ஒரு வெள்ளிக்கிழமைகூட ஊதினதில்லை, சாய்வுநாற்காலி சன்னலோரம், காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமா, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமா. கைதட்டினார்கள். அவள் முடித்துவிட்டாள். தங்கையா, "சார், கேள்விகள்," என்றான், தட்டை நகர்த்தி மைக்கை வைத்தான்.

எழுந்து நின்றார். உட்கார்ந்தே கேட்கலாம், ஆனால் நின்றால்தான் தீ சரியாகப் படும். "அம்மா, நல்ல சேலை," என்றார். சிரித்தார்கள். "அட்டையில மெசோலைட்னு எழுதினது யாரு?" "நீங்கதான் சார்," என்றாள். "எழுதினவன் முன்னாலேயே தவறுங்கியே, நீ பெரிய ஆளுதான். அருங்காட்சியகத்துல எத்தனையோ கல்லு கிடக்கும். வேற எதோட நாரு இதுல ஒட்டியிருக்காதுன்னு என்ன நிச்சயம்?" வளையவில்லை. குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். "பொந்துக்கு உள்ள, அடியில இருந்து எடுத்தேன் சார். எக்ஸ்ரே, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், ரெண்டும் ஒண்ணாத்தான் சொல்லுது. எண்ணெயில போட்டு ஒளிவிலகல் பாத்தாலே தெரிஞ்சிரும் சார். மெசோலைட்டைவிடக் கம்மி." தெரிஞ்சிரும். முதலாண்டு மாணவன் செய்கிற வேலை, ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கண்ணாடித் துண்டு, உலகம்மை ஒரு காப்பி போட்டு முடிக்கிற நேரம். அந்த நேரம் அவரிடம் ஓர் ஆயுள் முழுக்க இருந்தது. மண்டபம் அவரையே பார்த்தது. அறிவுள்ள பெண், இவளைத் தொடக்கூடாது என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று வந்தது: இந்த இயல் அச்சேறினால் அலமாரியில் இருப்பதும் எரியோனைட்; அது எரியோனைட் என்றால் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் எரியோனைட்; ஆறுமுகநயினாருக்கு யார் போய் என்ன சொல்வது. "இந்த இயல்ல எனக்குத் திருப்தி இல்ல," என்றார், மிகவும் மென்மையாக, மாணவர்கள் பயப்படுகிற அந்த மென்மையில். "விவாதிக்கணும்னா குவாரிக்குப் போயி புது மாதிரி எடுத்துட்டு வரணும், ஆறு மாசம் ஆகும். இல்ல, அஞ்சாம் இயலை எடுத்துட்டா மத்தது அருமையா இருக்கு, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருதேன். பொறுப்பு உன்னுது." தங்கையா பேனாவைத் திரும்பப் பூட்டினான். கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார், பையை நெஞ்சோடு அணைத்தபடி. "எடுத்துரு பாப்பா," என்றார். "சார் பெரியவங்க. பெரியவங்க சொன்னா அதுல ஒண்ணு இருக்கும்." அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "எடுத்துருதேன் சார்," என்றாள். அங்கே, முனையில், லேசாக ஒரு வளைவு. சங்கரபாண்டியன் அதைக் கண்டார்; வழக்கமாகக் கிடைக்கிற இன்பம் கிடைக்கவில்லை, ஆனால் பழக்கத்தால் தலையசைத்தார். அவள் மறுபடி நிமிர்ந்தாள். "ஒண்ணு மட்டும் சார். மறுபாதி உங்க வீட்ல இருக்குன்னு தங்கையா சார் சொன்னாங்க. அதை மட்டும் கண்ணாடிப் பெட்டியில போட்டு மூடி வச்சிருங்க." குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மெசோலைட்டை எதுக்கும்மா மூடணும்?" என்றார். மண்டபம் சிரித்தது. தங்கையா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை கழுத்தில் குத்தியது, நார், எல்லாமே நார்தான், உடம்பே நாரால் கட்டினது. கையெழுத்துப் போட்டார். மக்ரூன் டப்பாவைக் கொடுத்துவிட்டு அந்த அப்பா குனிந்து அவர் காலைத் தொடப் போனார், சங்கரபாண்டியன் தடுத்தார், கொஞ்சம் தாமதமாக. சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தார்கள். கை கழுவப் போன இடத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வடிவு. மருமகள். மகன் கப்பலில் இருக்கிறான், வீட்டில் அவளும் அவரும்தான். "சாப்ட்டீங்களா மாமா?" என்றாள். "இனிதான்." "வெள்ளிக்கிழமையில்லா, வீடெல்லாம் கழுவி விட்டாச்சு. விளக்கும் துலக்கியாச்சு. கல்லையும் ஊதிட்டேன்." கையில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. உலகம்மை படுக்கையில் கிடந்தபோது அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாமா மத்த எதுக்கும் கோவப்பட மாட்டாங்க, இதுக்குத்தான். மூக்கைக் கிட்ட கொண்டு போ, நல்லா இழுத்து. சொல்ல வேண்டும். இப்போதே. "வடிவு, இனிமே அந்தக் கல்லைத் தொடாத." "ஏன் மாமா?" ஏன். ஒரே ஒரு சொல். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அந்தப் பதிலைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இத்தனை பேர் முன்னிலையில் தன் கையாலேயே ஆய்வேட்டிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொன்னால் அடுத்து, அப்போ அத்தைக்கு, என்று கேட்பாள். மக்கு இல்லை அவள். கேட்பாள். கண்ணாடியில் பொன்னாடையோடு ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். வேறு காரணம் தேடினார், கைக்குப் பட்டதை எடுத்தார், அவர் கைக்கு எப்போதும் படுகிற ஒன்றை. "உனக்கு ஊதத் தெரியல," என்றார். "நாரெல்லாம் ஒடிஞ்சிருக்கு. அடுப்பு ஊதுத மாதிரி ஊதுத. அவ கை வராது உனக்கு. விட்டுரு." நல்லது, வலிக்கட்டும், வலித்தால் தொடமாட்டாள். வாழ்நாளில் முதல் தரம் தன் நாக்கு ஒரு நல்ல காரியம் செய்கிறது என்று தோன்றியது, அந்த எண்ணத்தில் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது.

"இல்ல மாமா," என்றாள் வடிவு. "அத்தை மாதிரியேதான் ஊதுதேன். அத்தையே பாத்துச் சரின்னு சொன்னாங்க. வேணும்னா கேளுங்க, இந்தா கல்லு பக்கத்துலதான் நிக்கேன்." "வேண்டாம்," என்றார். "வடிவு, வேண்டாம்," என்றார். போனை அவள் காதிலிருந்து எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டாள் என்பது அந்தக் காற்றின் மாறுதலிலேயே தெரிந்தது. ஃபூ என்று வந்தது, புல்லாங்குழல்காரன் சுருதி பார்க்கிற மாதிரி, நீளமாக, ஓரிடத்திலும் நடுங்காமல். குறை சொல்ல முடியாத ஊதல். வெளியே தங்கையா, "சார், இலை போட்டாச்சு," என்று கூப்பிட்டான். சங்கரபாண்டியன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஊதல் அடங்கியது. இத்தனை வருஷம் கண்ணை மூடிக் கேட்டும் அவர் காதில் விழாத அந்த மற்றச் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. அடுத்த ஊதலுக்காக, கல்லுக்கு மிக அருகில், நன்றாக இழுத்து மூச்சு உள்ளே போகிற சத்தம்.